மஸ்டாங் ஜிடி: முழு ஆக்சிலரேட்டரில் பின்பக்கம் இடது பக்கமாகவே விலகுகிறது. எங்கே தொடங்குவது?

ராரிட்டன் எழுதியது:

வணக்கம். வண்டி 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5.0 வி8, 6 ஸ்பீடு மேனுவல், பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் உள்ளது, அதாவது 3.73 விகிதமுள்ள டார்சன் டிஃப்ரன்ஷியல் (என்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பாகம்). செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய உரிமையாளர் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறார், ஒரு அங்குலம் இறங்கியிருக்கும். என்ஜினில் எந்த மாற்றமும் இல்லை. இடம் நியூ ஜெர்சி.

பிரச்னை இதுதான். முதல் கியரில் முழுசாக மிதித்தால் பின்சக்கரம் சுற்றுகிறது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டாவது கியருக்கு மாற்றி மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் இடது பக்கமாக ஓரடிக்கு விலகுகிறது. ஒருமுறைகூட வலது பக்கம் போனதில்லை. சில நேரம் சீட்டுக்கு அடியில் தடதடவென்று சுத்தியலால் அடிப்பது போல நாலைந்து அடி விழுகிறது, பிறகு டிராக்‌ஷன் விளக்கு மினுக்கி என்ஜின் சக்தி குறைகிறது. மதிய நேரத்தில் மூன்றாவது கியரில் ஒன்றும் இல்லை. காலையில் 4, 5 டிகிரி குளிரில் சாலை லேசாக ஈரமாக இருந்தபோது மூன்றாவதிலும் சுற்றியது.

இன்னொன்று. நேர்சாலையில் போகும்போது ஸ்டீயரிங் மையத்தில் நிற்காமல் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியே நிற்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை.

டிஃப்ரன்ஷியல் போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார். கிரேடில் லாக்கவுட் கிட் போடு என்கிறார் இன்னொருவர். 305 மில்லிமீட்டர் அகல டயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். முதலில் பணத்தை எதில் போடலாம்?


டார்க் ரெஞ்ச் எழுதியது:

பணம் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. எது வண்டியின் இயல்பு, எது கோளாறு என்பதை இந்தக் கணக்குதான் பிரித்துக் காட்டும்.

உங்கள் என்ஜினின் உச்ச டார்க், அதாவது திருப்புவிசை, 542 நியூட்டன் மீட்டர், 4,250 ஆர்பிஎம்மில். முதல் கியர் விகிதம் 3.66, பின் ஆக்சில் 3.73. மூன்றையும் பெருக்கினால் 7,400 நியூட்டன் மீட்டர். வழியில் பத்து சதவீதம் இழப்பு என்று வைத்தால் 6,660. பின் டயர் 275/40 ஆர்19, பாரம் ஏறிய நிலையில் அதன் ஆரம் கிட்டத்தட்ட 0.34 மீட்டர். வகுத்தால், இரண்டு பின் டயரும் சேர்ந்து சாலையைத் தள்ள வேண்டிய விசை 19,500 நியூட்டன் சொச்சம்.

இப்போது சாலை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். ஓட்டுநரோடு வண்டி எடை சுமார் 1,760 கிலோ. அதில் 47 சதவீதம் பின்பக்கம், அதாவது 827 கிலோ. வேகமெடுக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோ பின்னுக்கு வரும். ஆக 1,030 கிலோ. உலர்ந்த சாலையில், சூடான நல்ல டயரில் பிடிப்பு எண் 1.0 என்றால் 10,100 நியூட்டன்தான் கிடைக்கும். தேவை 19,500, கிடைப்பது 10,100. முதல் கியரில் முழு மிதி மிதித்தால் சுற்றாத மஸ்டாங் ஜிடி கிடையாது.

இரண்டாவது கியர் விகிதம் 2.43. அதே கணக்கில் 13,000 நியூட்டன் வருகிறது. அதுவும் கூடுதல்தான். மூன்றாவது 1.69, அதில் 9,000 நியூட்டன். உலர்ந்த சாலையில் மூன்றாவது நிற்கிறது என்று நீங்கள் சொன்னது அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஈரமும் குளிரும் சேர்ந்து பிடிப்பு எண் 0.7க்கு இறங்கினால் கிடைப்பது 6,600 மட்டும். 9,000 கேட்டால் சுற்றத்தான் செய்யும்.

ஆகவே சக்கரம் சுற்றுவது கோளாறு இல்லை. உங்கள் பதிவில் கோளாறு என்று நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, எப்போதும் ஒரே பக்கம் விலகுவது. இரண்டு, அந்தத் தடதட அடி. அதற்குப் பெயர் வீல் ஹாப். அதை இனிமேல் ஒருமுறைகூட விடாதீர்கள். தடதட என்று தொடங்கிய நொடியில் காலை எடுக்க வேண்டும். டயர் பிடித்துவிட்டு விட்டுவிட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு அடியும் ஆக்சில் ஷாஃப்ட்டிலும் டிஃப்ரன்ஷியல் பற்களிலும் நேராக விழுகிறது. என்ஜின் டார்க்கைத் தாங்கும் ஷாஃப்ட் இந்த அடியைத் தாங்காமல் முறிந்ததுண்டு.

டிஃப்ரன்ஷியல் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அது வேலை செய்யாமல் போனால் ஒரு சக்கரம் மட்டும்தான் சுற்றும், இன்னொன்று சும்மா உருளும். அப்போது பின்பக்கம் பெரும்பாலும் விலகாது, ஏனென்றால் சுற்றாத டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு மிச்சம் இருக்கும். டார்சன் சரியாக இருப்பதால்தான் இரண்டு டயரும் ஒன்றாகப் பிடிப்பை விடுகின்றன. ஒரு டயரிடம் இருக்கும் மொத்தப் பிடிப்பையும் முன்னால் தள்ளவே செலவழித்துவிட்டால் பக்கவாட்டில் தாங்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் அந்த நிலைக்கு வந்துவிட்டால் சின்னத் தள்ளல் போதும், பின்பக்கம் நகர்ந்துவிடும். உறுதி செய்ய வேண்டுமானால் ஆளில்லாத மட்டமான இடத்தில் ஒரு முறை சுற்றவிட்டு இறங்கிப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கோடு, இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் டிஃப்ரன்ஷியலை மறந்துவிடலாம்.

பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் இல்லாத ஜிடி வைத்திருப்பவர்களுக்கு: அதில் இருப்பது தட்டு வகை டிராக்‌ஷன் லாக். தட்டு தேய்ந்தால் ஒற்றைச் சக்கரம் சுற்றும். கியர் நியூட்ரலில், ஒரு பின்சக்கரம் தரையில், ஒன்று தூக்கிய நிலையில், தூக்கிய சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் தட்டு முடிந்தது. டார்சனுக்கு இந்தச் சோதனை செல்லாது, நல்ல டார்சனும் பாரமில்லாதபோது லேசாகத்தான் திரும்பும்.

எனக்குத் தேவையான தகவல்: பின் டயரின் தயாரிப்புத் தேதி, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம், அலைன்மென்ட் தாள் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் அளவு). டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். மொத்த டோ மட்டும் போதாது, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக வேண்டும்.


நெடுஞ்சாலை70 எழுதியது:

டார்க் ரெஞ்ச் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அமெரிக்க ரோடுல நாம வலப்பக்கம் ஓட்றோம். மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டை நடுவுல மேடா, ஓரத்துக்குச் சரிவாப் போட்டிருப்பாங்க. ரெண்டு பின் டயரும் ஒரே நேரத்துல பிடி விட்டா வண்டி சரிவுப் பக்கம், அதாவது வலப்பக்கம்தான் நழுவணும். உங்களுக்கு இடப்பக்கம் போகுது. மேட்டை எதிர்த்துப் போகுதுன்னா ஏதோ ஒண்ணு அதை அந்தப் பக்கம் தள்ளுதுன்னு அர்த்தம். ஸ்டீயரிங் இடப்பக்கம் நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான வரி.

டயர் தேதி பாக்கறது எப்படின்னா, பக்கச் சுவர்ல டாட்னு தொடங்குற வரிசையோட கடைசி நாலு எண். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஒரு பக்கச் சுவர்ல முழு எண் இருக்கும், இன்னொண்ணுல இல்லாம இருக்கலாம். தெரியலைன்னா வண்டிக்கு அடியில புகுந்து உள்பக்கம் பாருங்க. உள்பக்கம் பாக்கும்போதே உள் ஓரத் தேய்மானத்தையும் பாத்துடுங்க. இறக்கின வண்டியில அங்கதான் முதல்ல கம்பி தெரியும்.


ராரிட்டன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன்.

பின் டயர் இரண்டும் பிரெல்லி பி ஸீரோ, எண் 4017. முன் டயர்கள் 2022. பின் டயர் பட்டையின் ஆழம் நடுவில் 5 மில்லிமீட்டர், உள் ஓரத்தில் 2.5. காலையில் காற்று இடது 29, வலது 28 பிஎஸ்ஐ.

அலைன்மென்ட் கடையில் எடுத்த தாள்: பின் கேம்பர் (சக்கரம் மேல்முனையில் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) இடது மைனஸ் 2.4, வலது மைனஸ் 2.2. பின் டோ இடது மைனஸ் 0.10, வலது பிளஸ் 0.22, மொத்தம் பிளஸ் 0.12. மொத்தம் சரியாக இருப்பதால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள்.

கறுப்புக் கோடு இரண்டும் ஒரே அழுத்தம்தான்.


டார்க் ரெஞ்ச் எழுதியது:

மொத்த டோ சரி என்பதை வைத்து அந்தத் தாளை மூடியிருக்கக் கூடாது. மொத்தம் என்பது இரண்டையும் கூட்டினால் வருவது, ஒன்று மைனஸ் இன்னொன்று பிளஸ் என்றால் கோளாறு அந்தக் கூட்டலுக்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் இடது பின்சக்கரம் 0.10 டிகிரி வெளியே பார்க்கிறது, அதாவது இடது பக்கம். வலது பின்சக்கரம் 0.22 டிகிரி உள்ளே பார்க்கிறது, அதுவும் இடது பக்கம்தான். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரே திசையைப் பார்க்கின்றன. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 0.16 டிகிரி. இதுதான் த்ரஸ்ட் ஆங்கிள், பின் ஆக்சில் வண்டியைத் தள்ளும் திசைக்கும் வண்டியின் நடுக்கோட்டுக்கும் உள்ள கோணம். இது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.05க்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டி எந்நேரமும் பின்பக்கத்தை இடது பக்கம் தள்ளிக்கொண்டே ஓடுகிறது. நேராகப் போக நீங்கள் முன்சக்கரத்தையும் அதே அளவு இடது பக்கம் வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் ஸ்டீயரிங் அங்கே நிற்கிறது. பின் டயர்களுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இருக்கும்வரை இது சின்ன விஷயம். இரண்டாவது கியரில் இரண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கியதும் அந்தத் தள்ளலைத் தடுக்க ஆளில்லை.

இடது பின்சக்கரத்தின் டோ வெளியே பார்ப்பது அதைவிட மோசம். பின்சக்கரம் வெளியே பார்த்தால் அந்தப் பக்கம் எடை ஏறியதும் வண்டி தானாகவே திரும்பப் பார்க்கும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் பின் டோ எப்போதும் உள்ளேதான். தெருவில் ஓட்டும் உங்கள் வண்டிக்கு ஒரு பக்கத்துக்கு பிளஸ் 0.10 முதல் 0.12 வரை, இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். கேம்பரை மைனஸ் 1.5க்குக் கொண்டுவாருங்கள். மைனஸ் 2.4 வளைவில் நல்லது, நேராக இழுக்கும்போது டயரின் உள் ஓரம் மட்டும்தான் முழு பாரத்தில் அழுந்தும். உள் ஓரம் 2.5 மில்லிமீட்டருக்கு வந்ததற்குக் காரணமும் இதுவே.

ஸ்பிரிங் மாற்றியவர்கள் அலைன்மென்ட் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அவர்கள் இன்னொன்றும் விட்டிருக்க வாய்ப்புண்டு. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ், போல்ட்டை இறுக்கிய நிலையில்தான் ஓய்வாக நிற்கும். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் எல்லாப் புஷ்ஷும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் இரண்டு பக்கம் ஒன்றாக இருக்காது. பின் ஆர்ம்களின் உள்முனை, வெளிமுனை போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். நான்கு தூண் லிஃப்ட் உள்ள கடைக்குப் போவது நல்லது.

டயர் விஷயத்தில் பேச்சே இல்லை, பின் இரண்டையும் மாற்ற வேண்டும். 2017ன் 40வது வாரம். பட்டை இருந்தாலும் ஆறு வருடம் ஆன டயரை மாற்றச் சொல்வது ஃபோர்டின் கையேடு. கோடைகால டயரின் ரப்பர் வயதாக ஆக எண்ணெய் இழந்து இறுகும். கடையில் டியூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி) இருந்தால் 20 டிகிரி வெப்பத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். புதுக் கோடைகால டயர் பொதுவாக 60களில் காட்டும். 75ஐத் தாண்டியிருந்தால் மிச்சமிருக்கும் பட்டைக்கு மதிப்பில்லை. அதோடு கோடைகால ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும். காலை 5 டிகிரியில் மூன்றாவது கியர் சுற்றியதற்கு ஈரத்தோடு இதுவும் சேர்ந்திருக்கிறது.


புஷ் லிங்க் எழுதியது:

வீல் ஹாப் பக்கம் யாரும் இன்னும் விரிவாகப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2015ல் வந்த இந்தத் தலைமுறையில்தான் எல்லா மஸ்டாங்குக்கும் பின்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் ஒரே இரும்பு ஆக்சில். இப்போது டிஃப்ரன்ஷியல், ஆர்ம்கள் எல்லாம் ஒரு பெரிய சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கின்றன. கிரேடில் என்று சொல்வது இதைத்தான். கிரேடில் உடலோடு நேராகச் சேரவில்லை, நான்கு மூலையிலும் கொழுத்த ரப்பர் புஷ் வழியாகச் சேர்ந்திருக்கிறது. சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்க அந்தப் புஷ்ஷுக்குள் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். டிஃப்ரன்ஷியலும் கிரேடிலுக்குள் இன்னொரு அடுக்கு ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது.

முழு டார்க் வந்ததும் கிரேடில் முறுக்கிக்கொண்டு சாய்கிறது, டயரின் பக்கச் சுவரும் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் டயர் பிடிப்பை விடுகிறது. விட்டதும் முறுக்கிய ரப்பர் எல்லாம் ஒரே உதறலில் திரும்பி வருகிறது. திரும்பியதும் டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்கம். ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். நீங்கள் கேட்ட அடி அதுதான்.

லாக்கவுட் கிட் என்பது அந்தப் புஷ்ஷின் வெற்றிடத்தை அடைத்து, கிரேடில் உடலோடு நகராமல் பிடிக்கும் உலோகத் துண்டுகள். பிஎம்ஆர், ஸ்டீடா இரண்டு நிறுவனமும் விற்கின்றன. முழுப் புஷ்ஷையும் பிடுங்கி அலுமினியம் போடுவதைவிட இது எளிது. கிரேடில் போல்ட்டை ஒவ்வொரு மூலையாகத் தளர்த்தி, ஜாக்கில் மெல்ல இறக்கி, துண்டைச் செருகி ஏற்றிவிடலாம். நான்கு போல்ட்டையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கும் அளவை உங்கள் மாடல் வருடத்தின் பணிமனைக் கையேட்டிலிருந்து எடுங்கள், இணையத்தில் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே வரும் சத்தம் சற்றுக் கூடும், தினமும் ஓட்டலாம் என்கிற அளவுதான். டிஃப்ரன்ஷியல் புஷ்ஷை அலுமினியமாக மாற்றினால் மட்டும் கியர் இரையும் ஒலி நன்றாகக் கேட்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பெரும்பாலும் தேவையே வராது.

வேலை வரிசையில் கவனம் வேண்டும். கிரேடில் போல்ட் துளையில் கொஞ்சம் இடைவெளி உண்டு. இறக்கி ஏற்றும்போது கிரேடில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் த்ரஸ்ட் ஆங்கிள் மாறும். அதனால் இன்று அலைன்மென்ட், அடுத்த மாதம் லாக்கவுட் என்று செய்தால் அலைன்மென்ட் பணம் வீண். லாக்கவுட் போடுவதென்றால் அது முதலில், பிறகு டயர், கடைசியில் அலைன்மென்ட். கிரேடிலை நடுவில் உட்கார வைக்கும் ஸ்லீவ் தனியாகக் கிடைக்கிறது, அதையும் அதே வேளையில் போட்டுவிடுங்கள்.

கிட் வாங்குவதற்கு முன் அடியில் ஒரு பார்வை. கிரேடிலுக்கும் உடலுக்கும் நடுவே நெம்புகோல் வைத்து லேசாக நெம்புங்கள். கிழிந்த ரப்பர் பிளவு திறந்து காட்டும். கிரேடில் உடலில் உட்காரும் இடத்தில் உலோகம் உரசிப் பளபளப்பாக இருந்தால் நகர்வு அதிகம். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கசிந்த ஷாக் இருந்தால் எந்தக் கிட்டும் ஹாப்பை நிறுத்தாது, ஏனென்றால் அந்த உதறலை அடக்குவதே ஷாக்கின் வேலை.

2018 மாடலில் ஃபோர்டே பின் சஸ்பென்ஷனில் பக்கவாட்டு விறைப்பைக் கூட்ட ஒரு புது இணைப்பைச் சேர்த்தது, ஷாக்கையும் மாற்றியது. உங்களுடையது 2016, அது இல்லை.


கொயோட்50 எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது 2018, 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 3.55 ஆக்சில். மூன்றாவது கியரிலும் சுற்றுகிறது. மேனுவலில் மூன்றாவது நிற்கிறது என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் வண்டியில் கோளாறா?


டார்க் ரெஞ்ச் எழுதியது:

கோளாறு இல்லை, உங்கள் மூன்றாவது வேறு மூன்றாவது. 10 ஸ்பீடு பெட்டியில் முதல் மூன்று விகிதம் 4.69, 2.98, 2.14. 2018ல் டார்க் 569 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. 569ஐ 2.14ஆலும் 3.55ஆலும் பெருக்கி, பத்து சதவீதம் கழித்து, 0.34ஆல் வகுத்தால் 11,400 நியூட்டன். நல்ல டயர் தாங்கும் 10,100ஐ விட இது கூடுதல். உங்கள் நான்காவது 1.76, அதுதான் மேனுவலின் மூன்றாவதுக்குப் பக்கத்தில் வருகிறது. நான்காவதும் உலர்ந்த சாலையில் சுற்றினால் அப்போது டயரைச் சந்தேகப்படுங்கள்.


ராரிட்டன் எழுதியது:

தெளிவாகப் புரிந்தது. டயர் எதை வாங்குவது? இந்த வண்டி டிசம்பரிலும் ஓடும். 305 போடுவது பயன் தருமா? காற்று எவ்வளவு? அதோடு பின்பக்கம் விலகும்போது நான் சட்டென்று காலை எடுத்துவிடுகிறேன், அது சரியா?


நெடுஞ்சாலை70 எழுதியது:

உங்க பின் ரிம் 9.5 அங்குலம். அதுல 275தான் சரியா உக்காரும். 305க்கு 10.5, 11 அங்குல ரிம் வேணும். குறுகின ரிம்ல அகல டயரைத் திணிச்சா நடுப்பட்டை உப்பும், ஓரம் தூக்கும், காசு குடுத்து வாங்கின அகலம் ரோட்டைத் தொடாது. பக்கச் சுவரும் ஆடும், ஹாப் இன்னும் கூடும். ரிம்மோட சேத்து மாத்தறதா இருந்தா 305/35 ஆர்19 நல்லா இருக்கும், ஆனா உங்க பிரச்னைக்கு அது இப்ப தேவையில்ல.

டிசம்பர்லயும் ஓட்டறீங்கன்னா ரெண்டு வழி. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி கோடை டயர், மத்த மாசத்துக்கு தனி செட் குளிர்கால டயர். இல்ல ஒரே செட் போதும்னா கான்டினென்டல் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் மாதிரி வேகமான ஆல் சீசன். உலர்ந்த வெயில் ரோட்டுல ஆல் சீசன் கொஞ்சம் குறையும். ஆனா 5 டிகிரி காலையில கோடை டயரைவிட அது கைகொடுக்கும். எதுவா இருந்தாலும் நாலும் ஒரே வகையாப் போடுங்க. முன்னால புதுக் கோடை டயரும் பின்னால கெட்டிப்போன பழசும் இருக்கறதுதான் இப்ப உங்க நிலைமை. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வண்டி சுத்தறதுக்கு வேற என்ன வேணும்? பின்னால மட்டும் டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தய டயர்) போட்டுட்டு மழையில ஓட்டறவங்களும் இதே மாதிரி, சுவத்துல போய் நிப்பாங்க.

காத்து, டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற எண்ணைப் பாத்து, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடிங்க. 28, 29 குறைவு. வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினா ஒரு பிஎஸ்ஐ இறங்கும், அதனால செப்டம்பர்ல அடிச்சது நவம்பர்ல செல்லாது. காத்தைக் குறைச்சா பிடிப்பு கூடும்னு சொல்வாங்க, அது டிராக் ரேடியலுக்கு. 20க்குப் பக்கத்துல ஓடறதுக்குன்னே அதைச் செய்யறாங்க. சாதாரண டயர்ல குறைச்சா பக்கச் சுவர் மடங்கி ஹாப்தான் வரும்.

சட்டுனு காலை எடுக்கறது தப்பு, அதை முதல்ல மாத்துங்க. பின்பக்கம் இடப்பக்கம் போகுது, நீங்களும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க. அப்ப முழுசா காலை எடுத்தா எடை முன்னாடி பாயும், பின் டயர் சுத்தறது நின்னு ஒரே அடியா பிடிக்கும். முன்சக்கரம் இன்னும் இடப்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கறதால வண்டி முன்னைவிட வேகமா எதிர்ப்பக்கம் வீசும். முதல் விலகல்ல யாரும் மோதறதில்ல, இந்த ரெண்டாவது வீச்சுலதான் மோதறாங்க. மிதியை மூணுல ஒரு பங்கு மட்டும் தளர்த்துங்க, கண்ணு போக வேண்டிய இடத்துல இருக்கணும், பின்பக்கம் திரும்பி வரத் தொடங்கின உடனே ஸ்டீயரிங்கையும் கூடவே நேராக்கிடுங்க. பிரேக்கைத் தொடாதீங்க. ஹாப் வந்தா மட்டும் விதிவிலக்கு. அப்ப ஸ்டீயரிங் நேரா இருக்கும்போதே, அடி தொடங்கின உடனே காலை எடுத்துடலாம்.

இன்னொண்ணு. டிராக்‌ஷன் பட்டனை ஒரு தட்டுத் தட்டினா டிராக்‌ஷன் மட்டும் நிக்கும். அஞ்சு நொடி அழுத்திப் பிடிச்சா ஸ்டெபிலிட்டியும் போயிடும். பொதுச்சாலையில ரெண்டையும் தொடாதீங்க. மழைக்கு ஸ்னோ/வெட் மோட் இருக்கு, அதுல ஆக்சிலரேட்டர் மந்தமா வரும், ரெண்டாவது கியர்ல அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.


ராரிட்டன் எழுதியது:

வேலை முடிந்ததும் எங்கே சோதிப்பது? இங்கிலீஷ்டவுன் டிராக் ஸ்ட்ரிப்பை (நேர்கோட்டுப் பந்தயத் தளம்) மூடிவிட்டார்களே.


புஷ் லிங்க் எழுதியது:

அங்கே டிராக் ரேஸ் 2018லேயே நின்றுவிட்டது. கிரேட் மெடோஸில் ஐலண்ட் டிராக்வே இருக்கிறது, பொதுமக்கள் ஓட்டும் நாளைப் பார்த்துப் போங்கள்.

தொடக்கத்தில் தண்ணீர் தேக்கியிருக்கும் இடத்துக்குள் தெரு டயரோடு போகாதீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள். தெரு டயரின் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொள்ளும், கோட்டில் நிற்கும்போது சொட்டும். உங்கள் ஜிடியில் லைன் லாக் உண்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின் டயரைச் சுற்றவிடும். உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று நொடி போதும், ஒட்டியிருக்கும் மண்ணும் கல்லும் போனால் சரி. அதற்கு மேல் சுற்றினால் தெரு டயர் எண்ணெய் கக்கி வழுக்கத் தொடங்கும்.

லாஞ்ச் கன்ட்ரோலை (வண்டி தானாகவே என்ஜின் சுழற்சியைப் பிடித்துக் கிளப்பும் வசதி) முதல் நாள் தொட வேண்டாம். 2,000 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை வழுக்கவிட்டு எடுங்கள், கிளட்ச் முழுசாகப் பிடித்த பிறகு மிதியை மெல்ல இறக்குங்கள். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கிளட்ச்சை டப்பென்று விடாதீர்கள். உங்கள் பின்பக்கம் மாற்றும் அந்த நொடியில்தான் விலகுகிறது, என்ஜின் சுழற்சியின் வேகம் முழுவதும் அப்போது டயரில் போய் விழுகிறது. ரீவ் இறங்கக் கால் நொடி கொடுத்து, கிளட்ச்சை விட்டு, பிறகு மிதித்தால் நேரம் பெரிதாக வீணாகாது, வண்டி நேராக நிற்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இறங்கி கிரேடில் போல்ட்டுக்குப் பக்கத்தில் கையால் தடவிப் பாருங்கள். கிட் போட்ட பிறகு 100 மைல் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபார்க்க வேண்டும். முதலில் இறுக்கும்போதே பெயின்ட் பேனாவால் தலையிலும் உடலிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் அந்தப் போல்ட்டை உடனே மறுபடி இறுக்கி, அலைன்மென்ட்டையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.